சைக்கிளை விட்டு இறங்கும் வயது

முதுமையில் சைக்கிள் ஓட்டுவது பற்றி உலகெங்கும் ஆய்வுகள் குவிந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒரே கேள்விதான்: வயதான ஒருவர் சைக்கிள் ஓட்டினால் அவர் உடம்புக்கு என்ன நன்மை? திண்டுக்கல் பக்கத்துச் சித்தையன்கோட்டை மாதிரி ஊரில் போய் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அங்கே அறுபதைத் தாண்டிய ஆண்களில் சைக்கிள் ஓட்டத் தெரியாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கால் எட்டாத வயதிலேயே வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்கள் அவர்கள். நம் பக்கத்துக்குப் பொருந்துகிற கேள்விகள் வேறு. இவர்கள் எந்த வயதில், எதனால், யார் சொல்லி சைக்கிளை விட்டு இறங்குகிறார்கள்? இறங்கியவர் மறுபடி ஏற என்ன வேண்டும்? முதுமையையும் சைக்கிளையும் பற்றி இதுவரை தெரிந்திருப்பதை இந்தக் கோணத்தில் பார்ப்பதுதான் இக்கட்டுரை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போய்ச் சேர ஒரு இடமும் கூட வர ஒரு சேக்காளியும் இருக்கிற வரை சைக்கிள் ஓடும். டாக்டர் சொன்னார் என்பதற்காக மட்டும் ஓட்டப்படும் சைக்கிள், மழைக்காலம் முடிவதற்குள் துணி காயப்போடும் இடமாகிவிடும்.

திண்டுக்கல்லிலிருந்து வத்தலகுண்டு போகும் சாலையில் செம்பட்டி. அங்கிருந்து சில கிலோமீட்டரில், ஆத்தூர் வட்டத்தில் இருக்கிறது சித்தையன்கோட்டைப் பேரூராட்சி. ஒரு பக்கம் கொடைக்கானல் மலையின் கீழ்ச்சரிவுகள். எதிர்ப்பக்கம் தொலைவில் சிறுமலை. நடுவில் வயலும் தென்னந்தோப்பும் கண்மாயுமாகச் சமதளம். ஆத்தூர்ப் பக்கம் மிதித்தால் காமராஜர் நீர்த்தேக்கம். திண்டுக்கல் நகரத்துக்குக் குடிதண்ணீர் போவது அங்கிருந்துதான். சைக்கிளுக்கென்றே அமைந்த நிலம் என்று சொல்லலாம், ஆடி மாதத்தைத் தவிர. தென்மேற்குப் பருவத்தில் இந்தப் பக்கத்துக்கு மழை அதிகம் வராது. காற்று மட்டும் வரும். மேற்கே பார்த்து மிதிக்கிறவருக்கு அந்தக் காற்றே மலையேற்றம். காலையில் காற்றை எதிர்த்துப் போய், திரும்பும்போது அது முதுகில் தள்ளும்படி வழியை வைத்துக்கொள்வது பழைய ஆட்களின் கணக்கு. வெளிநாட்டுப் பயிற்சியாளர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

அந்த ஊரில் அதிகாலையில் சைக்கிளில் போகிறவர்களைப் பார்த்தால் வேலைக்கும் பொழுதுபோக்குக்கும் நடுவில் கோடு கிழிப்பது எவ்வளவு சிரமம் என்று புரியும். ஃபஜர் தொழுகை முடித்துவிட்டு டீக்கடை வரை போகிறவர், தோப்பில் மோட்டார் போட்டுவிட்டு வரப் போகிறவர், பால் ஊற்றப் போகிறவர், ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போகிறவர். இவர்களில் யாரையும் நிறுத்தி “உடற்பயிற்சியா?” என்று கேட்டால் இல்லை என்பார்கள். ஆனால் தோப்பில் மோட்டார் போட வேலையாள் இருந்தும் தானே போகிற பெரியவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அவர் போவது பாதி தென்னைக்காக, பாதி வழியில் சேர்ந்துகொள்ளும் ஆட்களுக்காக. கேள்வித்தாளில் ‘பயணம்’, ‘பொழுதுபோக்கு’ என்று இரண்டு கட்டம் போட்டு டிக் அடிக்கச் சொல்லும் ஆய்வு இவரிடம் தோற்றுப்போகும்.

இந்தத் தலைமுறைக்கும் சைக்கிளுக்குமான உறவைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். முருகப்பா குழுமத்தார் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது 1949-ல். ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ, பிலிப்ஸ் எல்லாம் அங்கிருந்து ஊர் ஊராகப் போயின. ஆனால் 1950-க்கும் 1965-க்கும் இடையில் கிராமத்தில் பிறந்த பையனுக்குச் சொந்த சைக்கிள் என்பது சம்பாதிக்க ஆரம்பித்த பிறகுதான். அதுவரை மணிக்கணக்கில் வாடகை. ராசி அழகப்பனின் ‘சைக்கிள்’ சிறுகதையை வைத்துக் கமலக்கண்ணன் இயக்கிய ‘குரங்கு பெடல்’ படம் 2024-ல் வந்தபோது, அதில் தங்களையே பார்த்தவர்கள் இவர்கள்தான். டைனமோ எரியாவிட்டால் போலீஸ் பிடிக்கும், டபுள்ஸ் போனாலும் பிடிக்கும் என்ற காலம். திருவிழா மைதானத்தில் ஒருவர் கீழே இறங்காமல் நாள்கணக்கில் வட்டமடித்து ஓட்டுவதைக் கூட்டம் கூடிப் பார்த்த காலமும் அதுதான். குளிப்பது, சாப்பிடுவது எல்லாம் சைக்கிள் மேலேயே.

பிறகு 1980-ல் டிவிஎஸ் 50 வந்தது. முதுமையில் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த வண்டியைக் குறிப்பிடுவதே இல்லை. எனக்கு இது பெரிய விடுபடலாகத் தெரிகிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடுவயது ஆண்களை சைக்கிளிலிருந்து இறக்கியது கார் அல்ல, இந்த மொபெட்தான். தேங்காய் மூட்டை, பால் கேன், புல்லுக்கட்டு, பூக்கூடை என்று எதை வைத்தாலும் இழுத்தது. நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குப் பூ கொண்டுபோகிறவருக்கு விடியுமுன் போய்ச் சேர முடிந்தது. அந்த வசதியைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. ஆனால் நாற்பதில் சைக்கிளை விட்டவர் அறுபதில் திரும்பி வரும்போது, தொடை வேறு தொடையாக இருந்தது. சாலையும் வேறு சாலையாக இருந்தது.

சைக்கிள் ஒரேயடியாக மறைந்துபோகவும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இந்திய வீடுகளில் 44.8 விழுக்காட்டில் சைக்கிள் இருந்தது. 2001-ல் இருந்ததைவிட ஒரு புள்ளி அதிகம். மாறியது அதன் மதிப்பு. வேறு வண்டி வாங்க முடியாதவர் ஓட்டுவது என்று ஒரு காலம் ஆகி, பின் நகரத்தில் பணமுள்ளவர் ஓட்டுவது என்றும் ஆகிவிட்டது. இன்று திண்டுக்கல் பக்கத்தில் வயதான சைக்கிள்காரர்கள் இரண்டு கூட்டம். சைக்கிளை விடவே விடாத கூட்டம் ஒன்று: கட்டிய வேட்டி, கேரியரில் சாக்கு, கறுத்துப்போன தோல் சீட்டு. ஓய்வு பெற்றபின் திரும்பி வந்த கூட்டம் இன்னொன்று: ஹெல்மெட், கியர் வண்டி, கையில் ஓடிய தூரத்தைக் காட்டும் கடிகாரம். இரண்டும் ஒரே சாலையில் ஒரே நேரத்தில் போகின்றன. சேர்ந்து போவதை நான் பார்த்ததில்லை. சாதியும் வர்க்கமும் டீக்கடை பெஞ்சில் கொஞ்சமாவது நெகிழ்ந்து உட்காரும். சைக்கிளில் இன்னும் இல்லை.

உடம்பு பற்றிய சான்றுகள்

இனி ஆய்வுகள். பிரிட்டனில் ஏறத்தாழ 2,63,000 பேரைச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 2017-ல் வெளியான ஆய்வு அதிகம் மேற்கோள் காட்டப்படுவது. வேலைக்கு சைக்கிளில் போனவர்களிடையே, காரிலும் பஸ்ஸிலும் போனவர்களைவிட இறப்பு 41 விழுக்காடு குறைவு. கேட்க மலைப்பாக இருக்கிறது. ஆனால் யார் சைக்கிளில் வேலைக்குப் போகிறார்? ஏற்கெனவே நோய்நொடி இல்லாதவர், வேலைக்கு அருகில் வீடுள்ளவர். புகைப்பழக்கம், உணவு, எடை என்று ஆய்வாளர்கள் எவ்வளவோ கழித்துத்தான் பார்த்தார்கள். இருந்தும், ஓட்டியதால் ஆரோக்கியமா, ஆரோக்கியம் இருந்ததால் ஓட்டினார்களா என்ற சந்தேகம் முழுக்கத் தீராது. அவர்களின் சராசரி வயது ஐம்பத்துச் சொச்சம்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

நமக்கு இன்னும் நெருக்கமானது 2021-ல் வந்த ஆய்வு. மேற்கு ஐரோப்பிய நாடுகளில் சர்க்கரை நோயுள்ள 7,000-க்கும் மேற்பட்டவர்களை அது தொடர்ந்தது. சைக்கிள் ஓட்டியவர்களிடையே இறப்பு குறைவு. கவனிக்க வேண்டியது இதற்கு அடுத்தது: முதலில் ஓட்டாதிருந்து, ஐந்து ஆண்டு இடைவெளியில் ஓட்ட ஆரம்பித்தவர்களிடமும் அந்தக் குறைவு தெரிந்தது, 35 விழுக்காடு அளவுக்கு. நோய் வந்தபின் ஏறியவருக்கும் பலன் உண்டு என்பதற்கு இது ஓரளவு நல்ல சான்று. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று ஐசிஎம்ஆர் ஆதரவில் நடந்த நாடளாவிய ஆய்வு 2023-ல் சொன்னது. சித்தையன்கோட்டையிலும் டீக்கடையில் ‘சீனி இல்லாம’ என்ற சொல் முதலில் வருகிறது.

மூட்டுவலிதான் நம் பெரியவர்கள் சொல்லும் முதல் தடை. “முட்டி தேஞ்சிருச்சு, இனி எங்கே மிதிக்க” என்பார்கள். 2024-ல் அமெரிக்காவில் 2,600 பேரை வைத்து வெளியான ஓர் ஆய்வில், வாழ்நாளில் எப்போதாவது வழக்கமாக சைக்கிள் ஓட்டியவர்களுக்கு முட்டிவலி 17 விழுக்காடும், வலியோடு கூடிய மூட்டுத் தேய்மானம் 21 விழுக்காடும் குறைவாக இருந்தன. காரணம் விளங்குவதுதான். நடக்கும்போது முழு எடையும் முட்டியில் இறங்குகிறது. சைக்கிளில் எடையை சீட்டு தாங்க, முட்டி அடிபடாமல் மடங்கி நீள்கிறது, தொடைத்தசை வலுக்கிறது. ஆனால் சீட் உயரம் சரியாக இருக்க வேண்டும். கால் எட்ட வேண்டும் என்ற பயத்தில் நம்மவர்கள் சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, முட்டி நெஞ்சுக்கு வரும்படி மிதிக்கிறார்கள். வலி வராமல் என்ன செய்யும்?

லண்டன் கிங்ஸ் கல்லூரியும் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகமும் 2018-ல் வெளியிட்டதுதான் பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்டது. 55 முதல் 79 வயது வரையான 125 சைக்கிள்காரர்களின் உடம்பைச் சோதித்தார்கள். தசை கரையவில்லை, கொழுப்பு ஏறவில்லை. வயதாக ஆகச் சுருங்கும் தைமஸ் சுரப்பி இவர்களிடம் இளைஞர்களுடையதைப் போல நோய் எதிர்ப்பு அணுக்களை உற்பத்தி செய்தது. செய்தித்தாள்கள் இளமைக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாக எழுதின. இந்த 125 பேரில் ஒருவராகச் சேர ஒரு தகுதி வைத்திருந்தார்கள்: ஆண்கள் 100 கிலோமீட்டரை ஆறரை மணி நேரத்துக்குள் ஓட்டிக் காட்ட வேண்டும், பெண்கள் 60 கிலோமீட்டரை ஐந்தரை மணி நேரத்துக்குள். ஆண்களுக்கு அது ஏறக்குறைய சித்தையன்கோட்டையிலிருந்து மதுரை போய்த் திரும்புகிற மாதிரி. அது உச்சத்தின் அளவு. சராசரிக்கு அதை நீட்டக் கூடாது. 105 வயதில், 2017 ஜனவரியில், ஒரு மணி நேரத்தில் 22.547 கிலோமீட்டர் ஓட்டிய பிரெஞ்சுக்காரர் ரொபேர் மார்ஷான் பற்றியும் இதையே சொல்வேன். வியக்கலாம், பின்பற்ற முடியாது.

எனக்கு அதிகம் பிடித்தது ரெடிங் பல்கலைக்கழகத்தாரும் ஆக்ஸ்ஃபோர்டு ப்ரூக்ஸ் பல்கலைக்கழகத்தாரும் 2019-ல் வெளியிட்ட சிறிய ஆய்வு. 50 முதல் 83 வயதுக்காரர்களை எட்டு வாரம், வாரம் மூன்று முறை, அரைமணி நேரம் ஓட்டச் சொன்னார்கள். சிலருக்குச் சாதாரண சைக்கிள், சிலருக்கு மின்சார உதவி சைக்கிள். இரு கூட்டத்திலும் சிந்தனையை ஒருமுகப்படுத்தும் திறன் கூடியது. மனநலத்தில் மின்சார சைக்கிள்காரர்கள் கொஞ்சம் முன்னேயே இருந்தார்கள். மூச்சிரைக்க மிதித்ததால்தான் மூளை தெளிந்தது என்றால் இது நடந்திருக்காது. வெளியே போனது, வழி பார்த்தது, காற்று வாங்கியது, முடியாவிட்டாலும் வீடு திரும்பிவிடலாம் என்ற தைரியம், இவையும் வேலை செய்திருக்கின்றன.

சைக்கிள் செய்யாததையும் சொல்ல வேண்டும். எலும்பு வலுவுக்கு அது போதாது. எடை எலும்பில் இறங்கினால்தான் எலும்பு கெட்டிப்படும், சைக்கிளில் இறங்குவதில்லை. 65 வயதைக் கடந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. அதோடு இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி, மூன்று நாளாவது சமநிலைக்கான பயிற்சி. சைக்கிள் முதலாவதை நிரப்பும், மூன்றாவதைக் கொஞ்சம் தொடும். தோப்புக்கு ஓட்டிப் போய், மண்வெட்டி பிடித்து மடை திருப்பி, வரப்பில் நடந்து வருகிறவருக்கு மூன்றும் ஒரே காலையில் முடிந்துவிடுகின்றன.

கூட்டாளிகள்

இனி வருவதுதான் என் கட்டுரையின் நடு. 2010-ல் ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். உறவும் நட்பும் வலுவாக உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு கூடுதல். தனிமையைப் புகைப்பழக்கத்தோடு ஒப்பிட்டுப் பேசும் வழக்கம் அதன் பிறகு பரவியது. இங்கும் ஆரோக்கியமானவருக்கே நண்பர்கள் அதிகம் என்ற ஐயம் உண்டு. ஆனாலும் கூட்டத்தோடு சைக்கிள் ஓட்டுகிறவரைக் கவனித்தால் இது எந்த வழியில் வேலை செய்கிறது என்று கண்ணுக்கே தெரிகிறது.

ஒருவர் ஒருநாள் வரவில்லை. மறுநாள் “நேத்து எங்கய்யா ஆளைக் காணோம்?” என்று கேட்க ஆள் இருக்கிறது. மூன்றாம் நாளும் வராவிட்டால் வீட்டு வாசலில் சைக்கிள் நிற்கும். துபாயிலும் திருப்பூரிலும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், கீழே விழுந்த பெரியவரை முதலில் கண்டுபிடிப்பது பலநேரம் இந்தக் கேள்விதான். தமிழ்நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 2021 மதிப்பீட்டில் 13.6 விழுக்காடு, கேரளத்துக்கு அடுத்த இடம். இவ்வளவு பேரைத் தினமும் போய்ப் பார்க்கச் சுகாதாரப் பணியாளர்களால் முடியாது. டீக்கடை பெஞ்ச் அதைச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

இன்னொன்று, வேகம். தனியாக ஓட்டுகிறவர் தன் பழைய வேகத்தோடு போட்டி போடுவார். கூட்டத்தில் போகிறவர் பேச வேண்டியிருப்பதால் மெதுவாகத்தான் போவார். பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகம் என்பது மருத்துவர்கள் சொல்லும் மிதமான உழைப்புக்கு ஏறத்தாழச் சரியான அளவு. கருவி எதுவும் வேண்டாம். பேச்சு நின்றால் வேகத்தைக் குறைத்துவிட வேண்டியதுதான். அதற்காகச் சாலையில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் போவதைப் பரிந்துரைக்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆத்தூர் அணைப்பக்கக் கிளைச்சாலையில் அது சரி. வத்தலகுண்டு ரோட்டில் லாரி வரும்.

நகரத்தில் இந்தச் சேர்ந்தோட்டம் வேறு வடிவம் எடுத்திருக்கிறது. சென்னையிலும் கோவையிலும் விடியுமுன் கிளம்பும் சைக்கிள் குழுக்கள் உண்டு. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கும் பிரெஞ்சு மரபு நெடுந்தூர ஓட்டங்களில் நரைத்த தலைகளையும் பார்க்கலாம். முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் 2021-ல், 68 வயதில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டிப் போய் வழியில் டீக்கடையில் நின்ற படங்களை எல்லோரும் பார்த்தார்கள். காவல்துறைத் தலைவராக இருந்த சைலேந்திர பாபுவின் நெடுந்தூர ஓட்டங்களும் தெரிந்தவை. இவற்றால் ஒரு நன்மை: சைக்கிள் ஓட்டும் பெரியவரைப் பார்த்து “பாவம், வண்டி இல்லை போல” என்று சொல்வது குறைந்தது. ஒரு கெடுதலும் உண்டு. சைக்கிள் என்றால் தனி உடுப்பும் விலையுயர்ந்த வண்டியும் வேண்டும் என்ற எண்ணம் பரவிவிட்டது.

ஓட்டவே முடியாமல் போனவர்களுக்கும் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 2012-ல் கோபன்ஹேகனில் ஓலே கஸ்ஸோவ் என்பவர், முதியோர் இல்லத்தில் இருந்தவர்களை முன்னிருக்கை உள்ள மூன்று சக்கர வண்டியில் உட்கார வைத்து, தானே மிதித்து ஊர் சுற்றிக் காட்டத் தொடங்கினார். அது இன்று பல நாடுகளில் பெரிய தன்னார்வ இயக்கம். நம் ஊரில் கேரியரில் உட்கார வைத்து அழைத்துப்போன கூட்டாளிகள் இயக்கம் எதுவும் தொடங்கவில்லை.

இறக்குவது யார்?

கண், காது, முட்டி, பிள்ளைகள், சாலை. நான் கேட்டறிந்த வரையில் சைக்கிளை நிறுத்தியதற்குப் பெரியவர்கள் சொல்லும் காரணங்கள் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும்.

கண்ணில் புரை விழுந்தால் எதிரே வரும் விளக்கொளி சிதறிக் கூசும். அதிகாலையும் அந்தியும்தான் சைக்கிள் ஓட்டும் நேரம் என்பதால் முதலில் அடிபடுவது அதுதான். இதற்குத் தீர்வு மிக எளிது. அதுவும் நம் பகுதியில். டாக்டர் வெங்கடசாமி 1976-ல் மதுரையில் பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் முகாம்கள் போகாத ஊர் தென் மாவட்டங்களில் குறைவு. புரை எடுத்தபின் மறுபடி சைக்கிள் ஏறியவர்கள் உண்டு. காது கேளாமை அப்படியல்ல. பின்னால் வரும் வண்டியை நாம் பார்ப்பதைவிடக் கேட்பதே அதிகம்; காது மந்தமானவருக்கு ஹேண்டில்பாரில் ஒரு கண்ணாடி பொருத்துவது அவசியம். அது செலவும் இல்லை, யாரும் செய்வதும் இல்லை.

பிள்ளைகள் சொல்வதை எளிதில் ஒதுக்க முடியாது. அத்தா என்று அழைத்தாலும் அப்பா என்று அழைத்தாலும் பேச்சு ஒன்றுதான்: “விழுந்து எலும்பை முறிச்சுக்கிட்டா யார் பாக்கறது?” நியாயமான பயம். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் சைக்கிள்காரர்கள் 4,800-க்கு மேல். சைக்கிளுக்குத் தனிப்பாதை போட்டு வைத்திருக்கும் நெதர்லாந்திலும் அதே ஆண்டில் சைக்கிள்காரர்கள் ஏறத்தாழ 290 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பங்கினர் முதியவர்கள். அங்கே நடந்த ஆய்வுகள் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. முதியவர்கள் விழுவது பலநேரம் வேகத்தில் இல்லை; வண்டி மோதியும் இல்லை. ஏறும்போதும் இறங்கும்போதும், நிற்கப்போகும் கடைசி விநாடியிலும் தானாகச் சாய்ந்து விழுகிறார்கள். ஜப்பான் சட்டத்தில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் நடைபாதையில் சைக்கிள் ஓட்டலாம். நமக்கு முதலில் நடைபாதை வேண்டும்.

ஏறி இறங்கும்போதுதான் ஆபத்து என்றால் அதற்குக் காரணம் குறுக்குக் கம்பி. ஆண்கள் ஓட்டும் இருபத்திரண்டு, இருபத்துநாலு இஞ்ச் வண்டியில் காலைப் பின்பக்கமாகச் சுழற்றிப் போட வேண்டும். இடுப்பு இறுகிய எழுபது வயதில், கேரியரில் சாக்கு வேறு இருந்தால், அது சர்க்கஸ். கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிள்தான் முதியவருக்குச் சரியான வண்டி. ஆனால் எந்தப் பெரியவர் கடைக்குப் போய் லேடீஸ் சைக்கிள் கேட்பார்? இந்தச் சிக்கலை யாரும் திட்டமிடாமல் தமிழ்நாடு அரசு தீர்த்துவைத்தது. 2000-களின் தொடக்கத்தில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென ஆரம்பித்து, சில ஆண்டுகளில் மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியர் எல்லோருக்கும் விரிந்த விலையில்லா சைக்கிள் திட்டம் வீட்டுக்கு வீடு வண்டியைக் கொண்டுவந்தது. பேத்தி கல்லூரிக்குப் பஸ்ஸில் போய்விட்டாள். கம்பியில்லாத, முன்னால் கூடை வைத்த அந்த வண்டியில் இப்போது தாத்தா ரேஷன் கடைக்குப் போகிறார். பேத்தியின் வண்டி என்பதால் வெட்கமும் இல்லை. திட்டத்தின் பலனைப் பள்ளி வருகையை வைத்து அளந்தவர்கள் இந்தக் கணக்கைச் சேர்க்கவில்லை.

பாட்டி ஏன் அதில் போகவில்லை என்று கேட்பது நியாயம். இதுவரை நான் எழுதியது பெரும்பாலும் ஆண்களைப் பற்றி என்பதை வாசகர் கவனித்திருப்பார். சித்தையன்கோட்டையில் அறுபதைத் தாண்டிய பெண்களில் சைக்கிள் ஓட்டுகிறவர் அபூர்வம். இது இயற்கை ஒன்றும் இல்லை என்பதற்கு இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. ஒன்று யாழ்ப்பாணம். அங்கே பெண்கள் சைக்கிளில் போவது யாரும் திரும்பிப் பார்க்காத சங்கதி. 1990-களில் வடக்குக்கு எரிபொருள் போகாதபடி பொருளாதாரத் தடை இருந்தபோது, ஊர் முழுக்க ஓடியது சைக்கிளில்தான். 2022 எரிபொருள் நெருக்கடியில் இலங்கை முழுவதும் மறுபடி அதே காட்சி. சின்ன வயதில் ஏறிய பெண் நரைத்த பிறகும் சந்தைக்கும் கோயிலுக்கும் அதிலேயே போகிறாள்.

இன்னொன்று நம் பக்கத்திலேயே, புதுக்கோட்டை. 1991-ல் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பின்னால் நின்றார். கல் குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பழகினார்கள் என்று பி. சாய்நாத் எழுதினார். 1992 மகளிர் தினத்தில் ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரத்தில் சைக்கிள் ஊர்வலம் போனார்கள். லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோய், பெண்கள் ஆண்கள் வண்டியையே வாங்கினார்களாம். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அன்று இருபத்தைந்து, முப்பது வயதில் கற்றவர்கள் இன்று அறுபதைத் தொட்டுக்கொண்டும் தாண்டியும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் முதுமையும் சைக்கிளும் பற்றி ஒரு பெரிய ஆய்வு நடத்த வேண்டுமென்றால் அங்கேதான் தொடங்க வேண்டும். அவர்கள் கற்றதும் கூட்டமாகத்தான். தோழி பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து கற்றுக்கொடுத்த வித்தை அது. தனியாக ஒருத்தி ஏறியிருந்தால் ஊர் வாய் அவளை இறக்கியிருக்கும். நூறு பேர் ஏறியபோது முடியவில்லை.

ஆக, ஒரு வீட்டில் பெரியவருக்கோ பெரியம்மாவுக்கோ சைக்கிள் எடுப்பதென்றால் முதலில் பார்க்க வேண்டியது கம்பி இல்லாத சட்டம், அகலமான ஸ்பிரிங் சீட்டு, இரண்டு கையிலும் நன்றாகப் பிடிக்கும் பிரேக். புதிய கியர் வண்டிகளின் குறுகலான சீட்டு வயதானவருக்கு ஆகாது, மரத்துப்போகும். காலைக் கீழே ஊன்றினால் முன்பாதமாவது தரையில் பட வேண்டும், மிதிக்கும்போது முட்டி முக்கால்வாசி நீள வேண்டும். இரண்டுக்கும் நடுவில் சீட்டை வைத்துக் கொடுப்பவரே நல்ல மெக்கானிக். ஓட்டும் நேரத்திலும் ஒரு கவனம் வேண்டும்: இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை போடுகிறவர்கள் சித்திரை வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும்.

மின்சார உதவி சைக்கிள்களும் இப்போது திண்டுக்கல் கடைகளுக்கு வருகின்றன. மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் மேற்படாதவற்றுக்குப் பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். ஆடிக்காற்றில் மேற்கே போக இதைவிட நல்ல துணை இல்லை. ஆனால் எடை சாதாரண சைக்கிளைவிட நன்றாகவே கூடுதல். ஏறி இறங்குவதில்தான் ஆபத்து என்று மேலே சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். வாங்குகிறவர்கள் ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் என்றுதான் விசாரிக்கிறார்கள். அதற்கு முன், பேட்டரியை அணைத்துவிட்டுக் கடைவாசலில் ஒரு சுற்று மிதித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். சார்ஜ் இறங்கிப்போனால் அணையிலிருந்து வீடு வரை அதை மிதித்தாக வேண்டியவர் அவர்தான்.